சின்ன ஒளிப்படக் குழு: மாதக் கூட்டத்துக்கு ஆள் குறைகிறது, உங்கள் குழுவில் என்ன செய்கிறீர்கள்?

நிழலும்வெயிலும்

எங்கள் குழுவில் 14 பேர். இதைத் தொழிலாகச் செய்பவர் யாரும் இல்லை. வார நாளில் வேறு வேலை, ஓய்வு கிடைத்தால் கேமரா. மாதம் ஒரு கூட்டம், ஒரு வெளிநடை. தொடக்கத்தில் எல்லோரும் வந்தோம். கடைசி நான்கு கூட்டத்துக்கும் ஐந்து பேரைத் தாண்டவில்லை.

உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். கூட்டம் என்றால் எங்களுக்குப் போட்டி. ஒரு தலைப்பு, ஆளுக்கு ஒரு படம், மூன்று பேர் பத்துக்கு மதிப்பெண் போடுவோம், கூட்டிச் சொல்வோம், கலைந்துவிடுவோம். ஒரு படம் திரையில் நிற்பது அரை நிமிடம்தான்.

ஒருமுறை 'கைகள்' என்று தலைப்பு வைத்தோம். ஒரு சகோதரி தன் அம்மா துணி தைக்கும்போது எடுத்த படத்தைக் கொண்டுவந்தார். 4 போட்டோம். 'ஷார்ப்பா இல்லை' என்று ஒரே வரியில் காரணம் சொன்னோம். அந்த மூவரில் நானும் ஒருவன். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த மாதம் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. அந்தப் படத்தை நான் ஒழுங்காகப் பார்க்கவே இல்லை என்பது இன்றுவரை உறுத்துகிறது.

மதிப்பெண்ணை நிறுத்திவிட்டோம். அந்த இடத்தில் என்ன வைப்பது என்பதுதான் கேள்வி. ஒன்று மட்டும் செய்து பார்த்தோம். வெளிநடையில் ஆளுக்கு ஒரு மூலை, ஒரு மணி நேரம், நின்ற இடத்தைவிட்டுப் பத்தடிக்கு மேல் நகரக்கூடாது, ஜூமைத் திருகக்கூடாது. முதல் கால் மணி நேரம் கண்ணில் பட்டதையெல்லாம் எடுப்போம். அப்புறம் எடுக்க எதுவுமே இல்லை என்று சலிப்பு வரும். அந்தச் சலிப்பைத் தாண்டிய பிறகுதான் கண் திறக்கிறது. எனக்கு வாய்த்தது ஒரு தண்ணீர்க் குழாய். வாயில் சொட்டு திரண்டு தொங்கும், விழும், அடுத்தது திரளும். நாற்பதாவது நிமிடத்தில்தான் கவனித்தேன், சொட்டுக்குள் எதிர்ச்சுவர் ஜன்னல் தலைகீழாகத் தெரிகிறது. சொட்டின் விளிம்பில் ஃபோகஸ் வைத்தால் அந்த ஜன்னல் மங்குகிறது. உள்ளே தெரியும் உருவத்தின் மேலேயே ஃபோகஸ் வைக்க வேண்டும். மேனுவலில் போட்டு, கேமராவை நூலளவு முன்னும் பின்னும் நகர்த்தி எடுத்தேன்.

இந்தப் பயிற்சி எல்லோருக்கும் பிடித்தது. ஆனால் கூட்டம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. உங்கள் குழுக்களில் என்ன செய்கிறீர்கள்?

மேஜைவிளக்கு

எங்கள் குழு உங்களுடையதைவிடச் சின்னது, எட்டுப் பேர். ஆறு வருடமாக நடக்கிறது. நாங்கள் திரையை எடுத்துவிட்டு மேஜையைப் போட்டோம். அதற்குப் பிறகுதான் கூட்டம் உண்மையான கூட்டமாக ஆனது.

ஆளுக்கு 5 படம், 4×6 அங்குல ப்ரிண்ட். மேஜைமேல் பரப்பிவிட்டுச் சுற்றி நிற்போம். ஒரு படத்தைக் கையில் எடுத்தால் எடுத்தவர் வாய் திறக்கக்கூடாது. மற்றவர்கள் முதலில் படத்தில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் சொல்ல வேண்டும். "இடப்பக்கம் வெளிச்சம், நாற்காலி காலியாக இருக்கிறது, கதவு பாதி திறந்திருக்கிறது" என்கிற மாதிரி. பிடிக்கிறது, பிடிக்கவில்லை என்பதற்கு அப்போது இடமில்லை. இப்படி மூன்று நிமிடம். அடுத்து, கண் எங்கே முதலில் போனது, எங்கே போய் நின்றது. கடைசியில்தான் எடுத்தவர் பேசலாம். பல நேரம் அவர் சொல்வது, "அந்தக் கதவை நான் கவனிக்கவே இல்லை."

ப்ரிண்ட் போடப் பயப்பட வேண்டாம். நல்ல ப்ரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் போதும். 4×6-க்கு 1200×1800, அதாவது 22 லட்சம் பிக்சலுக்கும் குறைவு. எந்த ஃபோனிலும் அது உண்டு. 8×12 வேண்டுமானால் 2400×3600, சுமார் 86 லட்சம். 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்ததைப் பாதிக்கு மேல் க்ராப் செய்தாலும் தாங்கும்.

முதல்முறை ப்ரிண்ட் போடுகிறவர்கள் சொல்லும் புகார் 'இருட்டாக வந்திருக்கிறது' என்பது. பெரும்பாலும் குறை ப்ரிண்டில் இல்லை, திரை வெளிச்சம் உச்சத்தில் இருப்பதுதான் காரணம். திரையில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, அறை வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பக்கத்தில் பிடியுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகத் தெரியும்வரை திரையைக் குறைத்துவிட்டு எடிட் செய்யுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

ஐஎஸ்ஓநூறு

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் கற்றுக்கொண்டதே மதிப்பெண்ணால்தான். தொடர்ந்து ஆறு மாதம் எனக்கு 3, 4 என்றுதான் வந்தது. ஒரு மூத்தவர் கூப்பிட்டு, "உன் படம் எல்லாமே ஒரே பக்கமாக இழுபட்டிருக்கிறது, லென்ஸைக் குறை சொல்லாதே, ஷட்டரைப் பார்" என்றார். அப்போதுதான் கையில் பிடித்து எடுக்கும் கணக்கு எனக்குப் புரிந்தது. லென்ஸின் குவிய நீளம் மி.மீ. கணக்கில் எவ்வளவோ அதன் தலைகீழ்தான் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்கு எல்லை, அதைவிட மெதுவாகப் போனால் ஆட்டம் தெரியும். 200 மி.மீ. என்றால் 1/200 நொடி. சென்சார் (கேமராவுக்குள் படம் பதிவாகும் சில்லு) சின்னதாக இருந்து அதன் க்ராப் பெருக்கம் 1.5 என்றால் 1/300, பக்கத்தில் கிடைப்பது 1/320. இதை யாரும் சொல்லாமல் "அருமை, அருமை" என்றே விட்டிருந்தால் இன்றைக்கும் ஆட்டிக்கொண்டுதான் இருப்பேன்.

மனம் நோகக்கூடாது என்று குறையைச் சொல்லாமல் விட்டால், அதுவும் அந்த ஆளுக்குச் செய்யும் அநியாயம்தான். ஷார்ப்பாக இல்லாத படத்தை ஷார்ப்பாக இல்லை என்று சொல்லத்தான் வேண்டும்.

நிழலும்வெயிலும்

@ஐஎஸ்ஓநூறு நீங்கள் சொல்வதில் பாதிக்கு மேல் எனக்கு உடன்பாடு. ஆனால் உங்களுக்கு உதவியது அந்த 3, 4 என்கிற எண்களா, அந்த மூத்தவர் கூப்பிட்டுச் சொன்ன வார்த்தையா? ஆறு மாதம் எண்களை மட்டும் பார்த்தபோது எதுவும் மாறவில்லை என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள்.

@மேஜைவிளக்கு எடுத்தவர் பேசக்கூடாது என்பது நல்ல விதி. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் படத்தைக் காட்டும் முன்பே மன்னிப்புக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். அடுத்த கூட்டத்தில் மேஜையைப் போடுகிறேன்.

ஐஎஸ்ஓநூறு

நியாயமான கேள்வி. எண்ணைவிட அந்த வார்த்தைதான் உதவியது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்ல ஒரு ஆள் கூட்டத்தில் இருக்க வேண்டும். எல்லோரும் நாற்காலியையும் கதவையும் வர்ணித்துக்கொண்டிருந்தால் ஷட்டரைப் பற்றி யார் பேசுவது?

பழையரோல்

தம்பிகளே, இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. நாங்கள் ஃபிலிமில் எடுத்த காலத்தில் ஒரு ரோலுக்கு 36 ஃப்ரேம். கழுவியதும் 36-ஐயும் ஒரே தாளில் சின்னச் சின்னதாக அச்சிட்டு, பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்போம். கான்டாக்ட் ஷீட் என்று பெயர். நல்ல படம் ஒன்றைப் பார்த்தால் அதிர்ஷ்டமா, தெரிந்து எடுத்ததா என்று சொல்ல முடியாது. ஷீட்டைப் பார்த்தால் ஆள் எப்படி நடந்தான், எங்கே தயங்கினான், எங்கே ஒரு ஃப்ரேம் முன்னதாகவே விலகிப் போய்விட்டான் என்று எல்லாம் தெரியும்.

டிஜிட்டலிலும் செய்யலாம். வெளிநடைக்கு 36 மட்டும் என்று எல்லை வையுங்கள். அழிக்கக்கூடாது. பின்திரையை மூடிவிடுங்கள் அல்லது ப்ரிவ்யூவை அணைத்துவிடுங்கள். கூட்டத்தில் 36-ஐயும் வரிசை மாறாமல் ஒரே பக்கமாக அச்சிட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஷட்டர், அப்பர்ச்சர் (லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளை) பற்றிய பேச்சு அந்தத் தாளைப் பார்த்ததும் தானாக வரும்.

திரை இல்லாமல் வெளிச்சத்தை எப்படிக் கணிப்பது என்று கேட்பார்கள். தெளிந்த வெயிலில் அப்பர்ச்சர் எஃப் 16 (எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிது), ஷட்டர் ஐஎஸ்ஓவின், அதாவது ஒளி உணர்திறன் எண்ணின், தலைகீழ். ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100, அதற்குப் பக்கத்தில் 1/125. எஃப் 8-க்கு இரண்டு ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தை இரட்டிப்பாக்கும்) திறந்தால் ஷட்டர் 1/500. லேசாக மேகம் மூடினால் எஃப் 11, நன்றாக மூடினால் எஃப் 8, வெயில் விழாத திறந்த நிழலில் எஃப் 4. முழு நிலவுக்கும் இதே மாதிரிதான், எஃப் 11-இல் தொடங்குங்கள். நிலவு இரவில் தெரிந்தாலும் அதன் மேல் விழுவது வெயில். அதை மறந்துவிட்டு நீண்ட எக்ஸ்போஷர் கொடுப்பதால்தான் எல்லோருடைய நிலவும் வெள்ளைப் பொட்டாகப் போய்விடுகிறது.

ஒரு மாதம் இப்படிச் செய்தால் கேமராவின் ஒளிமீட்டர் சொல்வதற்கு முன் கண் சொல்லிவிடும்.

முதல்கிளிக்

எல்லோருக்கும் வணக்கம். இதுவரைக்கும் படிச்சுட்டு மட்டும் இருந்தேன். என்கிட்ட கேமரா இல்ல, ஃபோன் மட்டும்தான். பக்கத்துல ஒரு குழு இருக்குன்னு தெரிஞ்சும் போகத் தயக்கமா இருக்கு. எல்லாரும் பெரிய லென்ஸோட நிப்பாங்க, நான் ஃபோனை நீட்டினா எப்படி இருக்கும்னு.

இன்னொரு சந்தேகம். உள்ளரங்க விழாவுல எடுத்தா சில படத்துல கறுப்புக் கறுப்பா பட்டை விழுது. சிலதுல விழல. ஃபோன் கெட்டுப்போச்சா?

மேஜைவிளக்கு

ஃபோனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது விளக்கின் வேலை. மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி என்றால், பல எல்இடி, குழல் விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது. ஃபோன் சென்சார் படத்தை ஒரே கணத்தில் மொத்தமாகப் படிப்பதில்லை, வரி வரியாகப் படிக்கிறது. ஷட்டர் வேகமாக இருந்தால் சில வரிகள் விளக்கு எரியும்போதும் சில வரிகள் மங்கும்போதும் பதிவாகும். அதுதான் பட்டை. ப்ரோ மோடில் (ஃபோன் கேமராவின் அமைப்புகளை நாமே மாற்றும் முறை) ஷட்டரை 1/100 அல்லது 1/50-இல் வையுங்கள், பெரும்பாலும் போய்விடும். மின்சாரம் 60 சுழற்சியில் ஓடும் நாடுகளில் 1/120, 1/60. வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் வகை எல்இடி சில இந்தக் கணக்குக்கு அடங்காது. அங்கே ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

குழுவுக்குத் தைரியமாகப் போங்கள். 4×6 ப்ரிண்ட் மேஜைமேல் கிடக்கும்போது எது ஃபோன், எது கேமரா என்று நாங்களே பலமுறை மாற்றிச் சொல்லியிருக்கிறோம்.

ஈரக்காற்று

மேலே ஒருவர் லென்ஸைக் குறை சொல்வது பற்றி எழுதியதால் ஒரு விஷயம் சேர்க்கிறேன். மாதம் ஒருமுறை கூட்டத்தில் பத்து நிமிடம் லென்ஸ் பரிசோதனை வையுங்கள். முன்மூடி, பின்மூடி இரண்டையும் கழற்றி, அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து மறுபக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் போலக் கிளை கிளையாகத் தெரிந்தால் பூஞ்சை. என் 50 மி.மீ. லென்ஸை ஒரு மழைக்காலம் முழுக்கத் தோல்பைக்குள்ளேயே வைத்திருந்தேன், இப்படித்தான் போனது. காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டியே இருந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். காற்றுப்புகாத டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு ஈரப்பதமானி. 40க்கும் 50க்கும் இடையில் நிற்கட்டும். ரொம்பவும் உலர்த்திவிடாதீர்கள், அதுவும் நல்லதல்ல.

சென்சாரில் தூசி இருக்கிறதா என்று பார்க்க எஃப் 16 வைத்து, ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்து, வெறும் வானத்தை எடுங்கள். கறுப்புப் புள்ளி தெரிந்தால் ரப்பர் ஊதியால் ஊதுங்கள். வாயால் ஊதவே கூடாது. எச்சில் துளி தூசியைவிட மோசம்.

இலைநரம்பு

வெளியே போக முடியாத மாதங்களில் நாங்கள் சயனோடைப் என்ற நீல நிற ஒளி அச்சு செய்கிறோம். கேமராவே வேண்டாம். ஜான் ஹெர்ஷெல் 1842-இல் கண்டுபிடித்த முறை. அடுத்த வருடமே அன்னா அட்கின்ஸ் இதைக்கொண்டு கடற்பாசிகளைப் பதிவுசெய்து நூலாக வெளியிடத் தொடங்கினார். ஒளிப்படங்கள் கொண்ட முதல் நூல் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் ஒரு கரைசல், பொட்டாசியம் ஃபெரிசயனைடு ஒரு கரைசல். இரண்டையும் சம அளவு கலந்து, மங்கிய விளக்கில் தடித்த தாளில் தூரிகையால் பூசி, இருட்டில் உலரவிட வேண்டும். கையுறை கட்டாயம். காய்ந்த தாளின் மேல் இலையை வைத்து, கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வைத்தால், மஞ்சள் கலந்த பச்சை மெல்ல மெல்லச் சாம்பல் நிறமாக மாறும். வெயிலைப் பொறுத்துப் பத்து நிமிடமோ இருபதோ. பிறகு தண்ணீரில் அலசுங்கள், மஞ்சள் வடிவது நிற்கும்வரை. இலை இருந்த இடம் வெள்ளையாக, சுற்றிலும் நீலமாக எழுந்து வரும். அப்போது நீலம் வெளிறித்தான் இருக்கும். யாரும் ஏமாற வேண்டாம், காயக் காய, அடுத்த நாளைக்குள் ஆழ்ந்த நீலமாகிவிடும்.

காய்ந்த அரசிலை வைத்துப் பாருங்கள். பச்சை இலை வெறும் நிழலுருவம்தான் தரும். சதை போய் நரம்பு மட்டும் மிஞ்சிய இலை, வலைபோல ஒவ்வொரு நரம்பையும் தாளில் இறக்கிவிடும். எங்கள் குழுவில் யாரும் வராமல் இருந்ததே இல்லை என்று சொல்லக்கூடிய ஒரே கூட்டம் இதுதான்.

வெளிநடை போகிறவர்களுக்கு இன்னொன்று, இதை எங்கள் குழுவில் விதியாகவே வைத்திருக்கிறோம். பறவைக் கூட்டை எடுக்கக் கிட்டப் போவதில்லை, கிளையை விலக்குவதில்லை. படத்தைப் பகிரும் முன் இருப்பிடத் தகவலை நீக்கிவிடுவோம். கோப்புக்குள் இடக்குறியீடு இருந்தால் கூட்டுக்கு வழி காட்டிவிடும்.

நிழலும்வெயிலும்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். கூட்டம் முடிந்த கையோடு எழுத உட்கார்ந்தேன்.

ஒன்பது பேர் வந்தார்கள். மேஜை போட்டோம். பழையரோல் ஐயா சொன்னபடி ஆளுக்கு ஒரு 36 ஷீட், மேஜைவிளக்கு சொன்னபடி 4×6 ப்ரிண்ட். வழக்கமாக ஒரு மணி நேரத்தில் கலையும் ஆட்கள் இரண்டே கால் மணி நேரம் இருந்தார்கள்.

அந்தச் சகோதரிக்குப் போன வாரமே எழுதியிருந்தேன். உங்கள் படத்தை நான் அவசரத்தில் பார்த்தேன், மன்னிக்க வேண்டும், இன்னொருமுறை பார்க்க வாய்ப்புக் கொடுப்பீர்களா என்று. பதில் இல்லை. கூட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரம் கழித்து வந்தார். அதே படம், 8×12 ப்ரிண்ட். ஒன்றும் சொல்லாமல் மேஜைமேல் வைத்தார்.

என்ன இருக்கிறதோ அதை மட்டும் சொல்ல வேண்டும் என்பது விதி. ஒருவர் "நீலத் துணி" என்றார். ஒருவர் "இடக்கை கட்டைவிரல் துணியை அழுத்திப் பிடித்திருக்கிறது, நகத்தில் கோடுகூடத் தெரிகிறது" என்றார். அப்போதுதான் குனிந்து பார்த்தேன். நகத்தின் கோடு தெரிந்தது. துணியின் இழை தெரிந்தது. கட்டைவிரலுக்குப் பக்கத்தில் ஏற்கெனவே போட்ட ஏழெட்டுத் தையல் துல்லியமாக இருந்தது. வலக்கை மட்டும் துல்லியமாக இல்லை. ஊசியோடு மேலே போகும் வேகத்தில் அது ஒரு புகைபோல இருந்தது, நூல் மட்டும் மெல்லிய வெள்ளைக் கோடாக இழுபட்டிருந்தது.

@ஐஎஸ்ஓநூறு உங்களுக்குத்தான் இதைச் சொல்ல வேண்டும். கேமரா ஆடியிருந்தால் ஃப்ரேம் முழுக்க ஒரே திசையில் இழுபட்டிருக்கும். இதில் அசைந்த கை மட்டும்தான் கலைந்திருக்கிறது. ஷார்ப்பாக இல்லை என்று நாங்கள் சொன்னது தொழில்நுட்பமாகவே தப்பு. ப்ரொஜெக்டரில் அரை நிமிடத்தில் எங்களுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

ஐஎஸ்ஓநூறு

நீங்கள் எழுதியதை இரண்டுமுறை படித்தேன். என்னைக் கேட்டிருந்தாலும் நானும் 4 போட்டிருப்பேன். எங்கள் குழுவில் இந்த மாதம் மதிப்பெண் தாளைக் கொண்டுபோகவில்லை, பார்க்கலாம்.

ஒன்று தெரிய வேண்டும். இடக்கை அவ்வளவு துல்லியமாக நிற்க வேண்டுமானால் கேமரா அசையவே கூடாது. ஷட்டர் எவ்வளவு? ட்ரைபாடா?

முதல்கிளிக்

நானும் அதையே கேக்கணும்னு இருந்தேன். ஃபோன்ல இப்படி எடுக்க முடியுமா? (போன ஞாயிறு எங்க பக்கத்துக் குழுவுக்குப் போயிட்டு வந்தேன். ஏழு ப்ரிண்ட் கொண்டுபோனேன்.)

நிழலும்வெயிலும்

அவரிடமே கேட்டு எழுதுகிறேன். 1/15, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 400. ட்ரைபாட் கிடையாது. எதிரே இருந்த அலமாரித் தட்டில் தலையணை உறையை நான்காக மடித்து வைத்து, அதன்மேல் கேமராவை அமர்த்தி, 2 நொடி டைமர். அமுக்கும்போது கை நடுங்கினாலும் அந்த இரண்டு நொடியில் அடங்கிவிடும். முப்பத்தோரு படம் எடுத்தாராம். மற்றவற்றில் இடக்கையும் நகர்ந்திருக்கிறது, இந்த ஒன்றில்தான் அம்மா துணியை இறுக்கிப் பிடித்திருக்கிறார்.

@முதல்கிளிக் ஃபோனிலும் வரும். ப்ரோ மோடில் 1/15, கூடவே டைமர், இரண்டும் இருந்தால் போதும். ஃபோனைச் சாய்த்து வைக்க ஏதாவது கனமானதாகப் பாருங்கள். அந்த முப்பத்தோரு படத்தையும் ஒரே ஷீட்டாக அடுத்த மாதம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.